‘வீரனுக்கு ஏடு எதற்கு’ என்று வள்ளுவர் சொல்லவில்லை

நெல்லை, தென்காசிப் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு படம் சுற்றுகிறது. வாளேந்திய பாண்டிய வீரன். கீழே “வாளெடுத்த கைக்கு ஏடு எதற்கு - திருக்குறள்” என்று ஒரு வரி.

இது தவறு. 1330 குறளிலும் அப்படி ஒரு வரி கிடையாது.

வள்ளுவர் சொல்வது இதற்கு நேர் எதிர். விழிப்பு, கல்வி, துணிவு மூன்றும் நாடாள்பவனை விட்டு நீங்கக் கூடாது என்கிறது 383-ஆம் குறள். படைக்குக் காவல் எது என்று 766-ஆம் குறளில் சொல்லும்போதும் வீரத்தை மட்டும் அவர் சொல்லவில்லை. மானம், நல்வழியில் நடத்தல், நம்பத்தக்க தன்மை மூன்றையும் அதோடு சேர்க்கிறார்.

சரி, பாண்டியர்கள்? ஒரு நெடுஞ்செழியனின் பெயரே ‘ஆரியப்படை கடந்த’ என்றுதான் தொடங்கும். போரில் வென்று பெற்ற பெயர் அது. புறநானூற்றில் 183-ஆம் பாட்டு அவன் பாடியது. ஆசிரியருக்கு இடர் வந்தால் உதவு, பொருள் கொடு, பணிந்து நிற்கத் தயங்காதே, எப்படியாவது படி என்கிறான். வாளெடுத்த கை எழுதிய பாட்டு! எனக்கு மிகவும் பிடித்த பாட்டும் இதுதான். பிற்காலத்தில் தென்காசியில் ஆண்ட அதிவீரராம பாண்டியனோ, வெற்றிவேற்கையில் “பிச்சை புகினும் கற்கை நன்றே” என்றே பாடிவிட்டார்.

எந்த நூலகத்திலும், தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்திலும் இவற்றைச் சரிபார்க்கலாம். நம் பிள்ளைகளும் அந்தப் படத்தைப் பார்க்கிறார்கள். தயவுசெய்து இனி அனுப்பாதீர்கள். அனுப்பியவருக்கு 383-ஆம் குறளை அனுப்புங்கள்.