ஆங்கிலம் வழியாகப் படித்த பிரெஞ்சில் ஐரோப்பா தலைகீழாகத் தெரியும்

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்பில் பிரெஞ்சு எடுக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் மதிப்பெண்ணுக்காகத்தான் எடுக்கிறார்கள். அது அவர்கள் குற்றமில்லை, தேர்வு முறை அப்படி. என் மனக்குறை வேறு. இரண்டு வருடம் வினைச்சொல் அட்டவணைகளைக் கரைத்துக் குடித்த பிள்ளையிடம் ஒரு பிரெஞ்சு நாளிதழின் ஐரோப்பியச் செய்தியைக் கொடுத்துப் பாருங்கள். எழுத்துக் கூட்டிப் படித்துவிடும். யார் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்று கேட்டால் மாற்றிச் சொல்லும். இலக்கணம் தெரியாததால் அல்ல. நாம் பிரெஞ்சை ஆங்கிலம் வழியாகச் சொல்லிக்கொடுக்கிறோம். பிரெஞ்சுச் சொல்லைப் பார்த்ததும் அதே சாயலுள்ள ஆங்கிலச் சொல் மனதில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. சாப்பாடு, வானிலை, குடும்பம் போன்ற பாடங்களில் இதனால் பெரிய சேதமில்லை. அரசியலில் அர்த்தமே கவிழ்ந்துவிடுகிறது.

‘கொம்பெத்தான்ஸ்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலப் பழக்கத்தில் இது ‘திறமை’. ஐரோப்பா பற்றிய பேச்சில் இது அதிகார வரம்பு. மீன்பிடி யார் கையில், சுங்கம் யார் கையில், நாணயம் யார் கையில், பாரிஸிலா, ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைமையிடமான பிரஸ்ஸல்ஸிலா என்பதுதான் அங்கே கேள்வி. ‘திறமைகளை இடம் மாற்றுதல்’ என்று எழுதினாலும் வாக்கியம் பார்க்க ஒழுங்காகவே இருக்கும், ஏதோ பயிற்சி வகுப்புச் செய்தி போல. அதனால்தான் தவறு கண்ணில் படுவதில்லை. ஒரு நாடு தன் அதிகாரத்தை எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம் என்ற சண்டை அந்த மொழிபெயர்ப்பில் காணாமலே போய்விடும்.

‘லிபெரால்’ இன்னும் மோசம். 2005 மே 29 அன்று ஐரோப்பிய அரசியலமைப்பு ஒப்பந்தத்தை பிரெஞ்சு மக்கள் வாக்கெடுப்பில் நிராகரித்தார்கள். ‘நோன்’, அதாவது ‘வேண்டாம்’, 54.67 சதவீதம். வாக்காளர் பட்டியலில் இருந்தவர்களில் சுமார் 69 சதவீதம் பேர் வந்து வாக்களித்தார்கள், எனவே அக்கறையில்லாமல் விழுந்த வாக்கு என்று தள்ளிவிட முடியாது. இடதுசாரிகள் அந்த ஒப்பந்தத்தின் மேல் வைத்த முதல் குற்றச்சாட்டு, அது மிகவும் ‘லிபெரால்’ என்பது. இதைத் ‘தாராளச் சிந்தனை கொண்டது’ என்று படிக்கும் மாணவருக்கு பிரெஞ்சு இடதுசாரிகள் எல்லாம் பழமைவாதிகளாகத் தெரிவார்கள். பிரெஞ்சு அரசியல் பேச்சில் அந்தச் சொல் முதலில் குறிப்பது சந்தைக்குத் தங்குதடையின்றி வழிவிடுவதை. அந்த நேரத்தில் போல்கெஸ்டைன் என்ற ஐரோப்பிய ஆணையர் பெயரால் அழைக்கப்பட்ட சேவைத்துறை வரைவு ஒன்று பெரிய பயத்தைக் கிளப்பியிருந்தது. ஒரு நாட்டு நிறுவனம் தன் சொந்த நாட்டு விதிகளின்படியே இன்னொரு நாட்டில் போய் வேலை செய்யலாம் என்பது அதன் அடிப்படை. குறைந்த கூலிக்கு வந்து உள்ளூர் வேலையைப் பறிப்பார் என்று பயந்த ‘போலந்து பிளம்பர்’ பற்றிய பேச்சு ஊரெல்லாம் பரவியது அப்போதுதான். சோசலிஸ்ட் கட்சியே இரண்டாகப் பிளந்தது. கட்சித் தலைமையில் இருந்த பிரான்சுவா ஒல்லாந்து ‘வீ’ (ஆம்) பக்கம், முன்னாள் பிரதமர் லொரான் ஃபபியுஸ் ‘நோன்’ பக்கம். வலது ஓரத்தில் ஃபிலிப் த வில்லியே, ழான்-மரி லெ பென் ஆகியோரும் ‘நோன்’தான். பெட்டியில் விழுந்த தாள் ஒரே மாதிரி, அதற்குள் இருந்த காரணங்கள் நேர் எதிர். ஐரோப்பாவை எதிர்த்தால் வலதுசாரி என்று ஆங்கிலச் செய்தி பழக்கிவிட்ட கண்ணுக்கு இது புரியாது.

மூன்றாவது சொல்லில் நம்மைத் தடுக்கி விழவைப்பது ஆங்கிலம் அல்ல, நம் சொந்த அரசியல். ‘ஃபெதெரால்’ என்றால் கூட்டாட்சி. நமக்கு அது இனிக்கும் சொல். ‘மாநிலத்தில் சுயாட்சி, மத்தியில் கூட்டாட்சி’ என்று முழங்கி வளர்ந்த மண் இது. இங்கே கூட்டாட்சி கேட்பவர் அதிகாரத்தை டெல்லியிலிருந்து கீழே இறக்கச் சொல்கிறார். பிரான்சில் ஐரோப்பியக் கூட்டாட்சிவாதி என்பவர் அதிகாரத்தை பாரிஸிலிருந்து மேலே பிரஸ்ஸல்ஸுக்கு ஏற்றச் சொல்பவர். சொல் ஒன்று, திசை எதிர். அதற்கு மேல் ஒரு பழைய நிழலும் இருக்கிறது. ‘பிரிக்கமுடியாத ஒரே குடியரசு’ என்ற கோட்பாட்டில் பிறந்த நாடு அது. பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1793இல், ஜிரோந்தின்கள் என்ற அணியினர் மேல் சுமத்தப்பட்ட பழியே கூட்டாட்சிவாதம்தான். ஆகவே அந்தச் சொல்லைக் கேட்டதும் ஒரு பிரெஞ்சுக்காரர் முகம் சுளித்தால், அவர் மாநில உரிமைக்கு எதிரி என்று நம் அளவுகோலை வைத்து முடிவுகட்டக் கூடாது.

பிரான்ஸ் ஐரோப்பாவை விரும்புகிறதா வெறுக்கிறதா என்று கேட்பவர்களுக்கு நான் 1954ஐத்தான் காட்டுவேன். பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஆகிய ஆறு நாடுகளும் சேர்ந்து ஒரே ராணுவம் அமைக்கலாம் என்று 1950இல் முன்மொழிந்தவர் பிரெஞ்சுப் பிரதமர் ரெனே ப்ளெவன். 1952இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. 1954 ஆகஸ்ட் 30 அன்று பிரெஞ்சு தேசிய சபையே 319க்கு 264 என்ற வாக்கில், விவாதத்துக்கே எடுக்காமல், அதைக் கிடப்பில் தள்ளியது. கம்யூனிஸ்டுகளும் த கோல் ஆதரவாளர்களும் ஒரே பக்கம் வாக்களித்தார்கள். அப்போது பிரதமராக இருந்தவர் பியேர் மெந்தேஸ் ஃபிரான்ஸ். அதே ஆண்டு நவம்பர் 1 அன்று புதுச்சேரி இந்தியாவின் நிர்வாகத்துக்குக் கைமாறியதும் அவருடைய ஆட்சியில்தான். திட்டம் போட்டதும் பாரிஸ், கவிழ்த்ததும் பாரிஸ். பிறகு இதே கதை வேறு வேறு உருவில் திரும்பத் திரும்ப வந்தது. 1965 ஜூலையிலிருந்து சுமார் ஏழு மாதம் அப்போதைய குடியரசுத் தலைவர் த கோல் தன் பிரதிநிதிகளை ஐரோப்பியச் சமூகத்தின் கூட்டங்களுக்கே அனுப்பவில்லை. வேளாண் கொள்கைக்கான நிதியும், ஒருமித்த முடிவுக்குப் பதில் பெரும்பான்மை வாக்கு என்ற மாற்றமும்தான் தகராறு. 1992 செப்டம்பர் 20 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தை உருவாக்கிய மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தம் பிரெஞ்சு மக்கள் வாக்கெடுப்பில் 51.04 சதவீத ஆதரவோடு மயிரிழையில் தப்பியது.

இந்த இரட்டை மனதை வகுப்பறையில் காட்ட ஒரே ஒரு வாக்கியம் போதும். 1950 மே 9 அன்று வெளியுறவு அமைச்சர் ரொபேர் ஷூமான் படித்த அறிக்கையில் வருவது. அதன் தொடக்கத்தைத் தமிழ் எழுத்தில் எழுதினால் ‘லெரோப் ந ஸ ஃபரா பா தன் கூ’. ஐரோப்பா ஒரே மூச்சில் உருவாகிவிடாது என்று பொருள். வினைச்சொல் ‘ஃபேர்’, அதாவது செய். அதன் முன் ‘ஸ’ சேர்ந்து எதிர்காலத்தில் நிற்கிறது. ஆங்கிலம் வழியாகப் போனால் பிள்ளைகள் ‘உருவாக்கப்படாது’ என்று எழுதுவார்கள். தமிழில் அந்த முட்டுக்கட்டையே வேண்டாம். உருவாக்கு, உருவாகு என்று பிறவினையும் தன்வினையும் நம்மிடம் தனித்தனியே இருக்கின்றன. ‘உருவாகாது’ என்றாலே போதும். இப்போது பிள்ளைகளிடம் கேளுங்கள்: இந்த வாக்கியத்தில் ஐரோப்பாவை உருவாக்குவது யார்? யாரும் இல்லை. எழுவாய் ஐரோப்பாவேதான். அதிகாரம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போகும் என்ற கேள்வியை அந்தத் தன்வினை பேசாமல் தாண்டிவிடுகிறது. அடுத்து வரும் ‘ரெயலிஸாசியோன்’ என்ற சொல்லில் இன்னொரு குழி. அது உணர்தல் அல்ல, செய்துமுடித்த வேலை.

அடுத்த நாள் வகுப்பில் த கோல். 1965 டிசம்பரில், குடியரசுத் தலைவர் தேர்தலின் இரண்டு சுற்றுகளுக்கு இடையே, தொலைக்காட்சியில் சொன்னார்: நாற்காலியில் ஆட்டுக்குட்டி மாதிரி குதித்துக் குதித்து ‘ஐரோப்பா, ஐரோப்பா, ஐரோப்பா’ என்று கத்தலாம், அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆட்டுக்குட்டிக்கு அவர் சொன்ன சொல் ‘கப்ரி’. ஒரு தடவை கேட்ட பிள்ளை அதை மறக்காது.

நாற்பது நிமிட வகுப்பென்றால் நான் இப்படிப் பிரிப்பேன். முதல் பத்து நிமிடம் வாக்கியத்தை வாய்விட்டு மூன்று முறை வாசித்தல், பொருள் சொல்லாமல். அடுத்த பத்தில் வினைச்சொல்லையும் எழுவாயையும் அடிக்கோடிட்டு நேராகத் தமிழில் எழுதுதல். இந்த இடத்தில் ஆங்கில அகராதி மேசையில் இருக்கக் கூடாது. பிறகு ஐந்து நிமிடம் எண்களைக் காதால் கேட்டு எழுதுதல். 1992இன் கடைசி இரண்டு இலக்கங்கள் பிரெஞ்சில் ‘நான்கு-இருபது-பன்னிரண்டு’ என்று வரும். பாதிப் பேர் 80 என்று எழுதிவிட்டு 12ஐத் தனியாக வைப்பார்கள். 51.04இல் புள்ளி கிடையாது, காற்புள்ளிதான், ‘வீர்கூல்’ என்று சொல்ல வேண்டும். மீதி நேரத்தில் 60 சொல்லில் ஒரு கருத்து. வீ அல்லது நோன், கூடவே ஒரு காரணம். டெல்ஃப் என்ற பிரெஞ்சு மொழிச் சான்றிதழின் பி-1 தேர்வில் 160 சொல் கேட்பார்கள், பி-2வில் 250 சொல்லில் வாதாட வேண்டும். நூற்றுக்கு ஐம்பது எடுத்தாலும் நான்கு பிரிவில் ஒன்றில் 25க்கு 5க்குக் கீழே போனால் தோல்வி. எழுத்தில் சறுக்குபவர்களுக்குப் பல நேரம் மொழி இருக்கும், சொல்ல ஒரு கருத்து இருக்காது.

அந்த ஏ-1, பி-2 என்ற மொழித்திறன் படிநிலைகளை வகுத்தது ஐரோப்பிய ஒன்றியம் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. ஸ்ட்ராஸ்பூரில் இருக்கும் ‘கொன்செய் த லெரோப்’. ஒன்றிய நாடுகளின் தலைவர்கள் கூடுவது ‘கொன்செய் எரோப்பேயன்’. அமைச்சர்கள் கூடிச் சட்டத்துக்கு வாக்களிப்பது ‘கொன்செய் த லூனியோன் எரோப்பேயென்’. தமிழில் மூன்றையும் ‘ஐரோப்பிய கவுன்சில்’ என்று எழுதினால் செய்தியே கெட்டுவிடும். முதலாவது ஒன்றியத்தின் அமைப்பே அல்ல.

பிரான்சில் 2019இல் வந்த கல்விச் சட்டப்படி பள்ளி வகுப்பறைகளில் மூவர்ணக் கொடியோடு ஐரோப்பியக் கொடியும் இருக்க வேண்டும். இன்னொரு பக்கம் 2024 ஜூன் 9 ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் மரின் லெ பென்னின் கட்சிக்கு 31 சதவீதத்துக்கு மேல் வாக்கு. 2017இல் யூரோவை விட்டு வெளியேறலாம் என்று பேசிய அந்தக் கட்சி, பின்னர் அதைக் கைவிட்டது. இப்போது ஒன்றியத்துக்குள் இருந்தபடியே அதன் ‘கொம்பெத்தான்ஸ்’களைக் குறைக்கச் சொல்கிறது. திறமைகளை அல்ல.

2005இல் தோற்ற ஒப்பந்தத்தின் பெரும்பகுதி லிஸ்பன் ஒப்பந்தமாகத் திரும்பி வந்தது. 2008இல் மக்களைக் கேட்காமல் நாடாளுமன்றமே ஒப்புதல் கொடுத்தது. ‘நோன்’ போட்டவர்கள் அதை இன்னும் மறக்கவில்லை, மறக்காததில் நியாயமும் இருக்கிறது. புதிய நாடு ஒன்று ஒன்றியத்தில் சேர வேண்டுமானால், பிரெஞ்சு அரசியலமைப்பின் 88-5 பிரிவுப்படி அதை மக்கள் வாக்கெடுப்புக்கு விட வேண்டும். இரு அவைகளும் ஐந்தில் மூன்று பங்கு பெரும்பான்மையில் தீர்மானித்தால் மட்டும் அதைத் தவிர்த்து, நாடாளுமன்றக் கூட்டு அமர்வின் வழியாகப் போகலாம். உக்ரைன் வேட்பாளர் நாடாக வரிசையில் நிற்கிறது. அந்தக் கேள்வி ஒருநாள் வாக்காளர் முன் வந்தால், புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமையோடு வாழும் தமிழர்களும் அதற்கு வாக்களிப்பார்கள். 1992இலும் 2005இலும் வந்தது போலவே, ‘அப்ரூவே-வூ’ என்று தொடங்கும் ஒரே வாக்கியமாக அது இருக்கும். ஒப்புக்கொள்கிறீர்களா?