கையெழுத்து அத்தையுடையது, ஃபைல் யாருடையது?

என் அத்தைக்குப் போன மாதம் ஒரு பதிவுத் தபால் வந்தது. 2019 டிசம்பர் தேர்தலில் ஜெயித்து, 2025 ஜனவரி 5 வரை எங்கள் ஊராட்சிக்குத் தலைவராக இருந்தவர். போர்வெல் மோட்டார் பழுது பார்த்ததற்கு விலைப்புள்ளி வாங்கவில்லை, தெருவிளக்கு பில் ஒன்றுக்கு வவுச்சர் இல்லை என்று தணிக்கைத் தடை, அதாவது கணக்கைச் சரிபார்த்தவர்களின் ஆட்சேபம். 68,000 ரூபாயை அவர் கையிலிருந்து கட்ட வேண்டுமாம்.

மோட்டார் பழுதான அன்றைக்கு நான் ஊரில்தான் இருந்தேன். சித்திரை வெயில். ரெண்டு நாளாகத் தண்ணீர் இல்லாமல் பெண்கள் குடத்தோடு அத்தை வாசலில் நின்றார்கள். உசிலம்பட்டிக்கு ஆள் அனுப்பி மெக்கானிக்கைக் கூட்டிவந்து, ராத்திரியோடு ராத்திரியாக மோட்டாரை மேலே ஏற்றி, கம்பிக் காயிலைக் கட்டி இறக்கினார்கள். முதலில் கொடுத்தது அத்தையின் கைக்காசு. மூன்று கடையில் விலைப்புள்ளி வாங்கிவிட்டுத்தான் தண்ணீர் விட வேண்டும் என்றால் ஊர் என்ன செய்யும்? பக்கத்தில் நின்ற ஊராட்சி செயலர், “அதெல்லாம் பாத்துக்கிரலாம் தலைவரம்மா, பில்லு வரட்டும், நீங்க கையெழுத்தப் போடுங்க” என்றார். அத்தை போட்டார்.

இன்றைக்கு அந்தச் செயலர் வேறு ஊராட்சியில் இருக்கிறார். அவருக்கு நோட்டீஸ் இல்லை. வேலையை அளந்து ‘எம் புக்’ என்ற அளவுப் புத்தகத்தில் எழுதிய ஓவர்சியருக்கும் இல்லை. அத்தை விளக்கம் எழுத வேண்டுமென்றால் பழைய ஃபைலைப் பார்க்க வேண்டும். அது பூட்டிய அலுவலகத்துக்குள் இருக்கிறது, சாவி, தலைவர் இல்லாத ஊராட்சியைக் கவனிக்கும் தனி அலுவலரிடம். “நான் திருடலப்பா, ஆனா அத எத வச்சுச் சொல்ல?” என்று கேட்கிறார்.

திருடியவரை விட்டுவிடச் சொல்லவில்லை. மதுரை மாநகராட்சியில் 2025இல் சொத்து வரி முறைகேடு வெளியே வந்தபோது மண்டலத் தலைவர்கள் ராஜினாமா செய்தார்கள், பிறகு மேயரும் விலகினார். அதோடு கணக்கு தீர்ந்துவிடாது. யாருடைய தவறால் வரி குறைந்ததோ, அதிகாரியானாலும் கவுன்சிலரானாலும், அவர்களிடமிருந்து கடைசிப் பைசா வரை வசூலிக்க வேண்டும். பணத்தை அமுக்கியதும் ஒரு தாளை வைக்க மறந்ததும் ஒன்றா? தண்டத்தீர்வை, அதாவது நஷ்டத்தைக் கையிலிருந்து கட்ட வைப்பது, என்று வரும்போது இரண்டையும் ஒரே தராசில் போடுகிறார்கள் என்பதுதான் என் கோபம்.

பதவிப் பறிப்பும் அப்படித்தான். 1994ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 205ஆவது பிரிவில் ஆட்சியர் விளக்கம் கேட்பார், தாசில்தார் கூட்டம் போட்டு வார்டு உறுப்பினர்களின் கருத்தைக் கேட்பார், கடைசி முடிவு ஆட்சியருடையது. ஓட்டுப் போட்ட ஊரை யாரும் கேட்பதில்லை. காசோலை அதிகாரத்தைப் பறிப்பது அதைவிடச் சுலபம். தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும் என்பதால், துணைத் தலைவர் முறைத்துக்கொண்டாலே ஊராட்சி முடங்கிப் போகிறது. அந்த நாற்காலியில் இருப்பவர் பட்டியல் சாதிப் பெண் என்றால் முறைப்பு எங்கிருந்து வருகிறது என்று இந்த மதுரை ஜில்லாவில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மேலவளவில் பட்டியல் சாதித் தலைவர் முருகேசனை 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் 2006 வரை பட்டியல் சாதித் தலைவர் ஒருவரைக்கூட நிலைக்க விடவில்லை. அவ்வளவு ரத்தம் கொடுத்து வாங்கிய பதவியை ஒரு தணிக்கைப் பத்தி பறித்துவிடக் கூடாது.

இங்கிலாந்தில் கிளே கிராஸ் என்று ஒரு சின்ன ஊர். 1972இல் ஏழைகளின் வீட்டு வாடகையை ஏற்ற மாட்டோம் என்று 11 கவுன்சிலர்கள் நின்றார்கள். அவர்கள் தலையில் 6,985 பவுண்டைக் கட்டிப் பதவியையும் பறித்தார்கள். 1987இல் லிவர்பூலில் 47 பேருக்கு அதே கதி. யாரும் ஒரு பவுண்டைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. கடைசியில் 2000ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்தத் தண்டத்தீர்வையையே எடுத்துவிட்டார்கள்.

இங்கே அடியோடு எடுக்கச் சொல்லவில்லை. தலைவர் பதவியில் இருக்கும்போதே அந்தந்த வருடத் தணிக்கையை முடியுங்கள். தடை எழுதினால் செயலர், ஓவர்சியர், தலைவர் மூவருக்கும் ஒரே நோட்டீஸ் அனுப்புங்கள். பதவி முடிந்து போகிறவர் கையில் ஃபைல் நகல் கொடுங்கள். பதவியைப் பறிப்பதற்கு முன் கிராம சபையில் வைத்துக் கேளுங்கள்.

மெக்கானிக் கடையில் பழைய பில் புக் கிடைத்திருக்கிறது. கார்பன் நகலில் தேதி தெளிவாக இருக்கிறது. திங்கட்கிழமை மனு கொடுக்க அத்தையோடு நானும் போகிறேன்.