எங்களுக்கு யார் சொன்னார்கள்?

அந்த வீடியோவை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்துவிட்டேன், போதும். படுத்த படுக்கையாகக் கிடக்கும் அப்பாவின் இடுப்புப் புண்ணை மகன் செல்போனில் கிட்டத்தில் காட்டி, "கவர்மென்ட் நர்ஸ் ஒருத்தர்கூட எட்டிப் பார்க்கல" என்கிறார். அதற்குக் கீழே ஊரே திட்டித் தீர்க்கிறது. நானும் அதே வேலையைப் பக்கத்து ஒன்றியத்தில் பார்ப்பவள். அதனால் நடுநிலை எல்லாம் என்னிடம் எதிர்பார்க்காதீர்கள்.

அந்தப் புண் வீட்டில் வந்ததில்லை. பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போதே இருந்தது. டிஸ்சார்ஜ் சீட்டின் கடைசி வரியில் 'ரெகுலர் டிரெஸ்ஸிங்' என்று இருந்ததாம். யார் செய்வது, எங்கே செய்வது, எத்தனை நாளுக்கு ஒருமுறை? எதுவும் இல்லை. அந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு போன் இல்லை. கிராம சுகாதார செவிலியருக்கும் தெரியாது, படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீட்டுக்கே போய்ப் பார்க்கும் பாலியேட்டிவ் நர்ஸுக்கும் தெரியாது. பிறகு எட்டிப் பார்க்கவில்லை என்றால்? எங்களுக்கு யார் சொன்னார்கள்?

தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. பிரஷர், சுகர் மாத்திரையைத் தன்னார்வலர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறார். படுக்கையில் இருப்பவர்களைத் தேடி நாங்கள் போகிறோம். 2024-இல் ஐ.நா. விருதுகூட வந்தது. எங்களுக்கும் பெருமைதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்றியத்துக்கு ஒரு பாலியேட்டிவ் நர்ஸ், ஒரு பிசியோதெரபிஸ்ட். உங்கள் ஒன்றியத்தில் எத்தனை ஊராட்சி, ஒவ்வோர் ஊராட்சியிலும் எத்தனை குக்கிராமம் என்று எண்ணிவிட்டு அப்புறம் வந்து திட்டுங்கள்.

என் ஒன்றியத்தில் ஓர் ஆத்தா. தொடை எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆகி, யூரின் டியூபோடு வீட்டுக்கு வந்துவிட்டார். எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுக்குச் சுகர் மாத்திரை கொடுக்கப் போன தன்னார்வலர் அக்காதான், "சிஸ்டர், அந்த வீட்டுல வாடை வருது, ஒரு எட்டு வந்து பாருங்க" என்றார். போனால், மூத்திரப் பை தலைமாட்டுச் சன்னல் கம்பியில் தொங்குகிறது, மேலே ஒரு துண்டு. மருமகள் சொன்னார்: "கீழ தொங்கினா வர்றவங்க போறவங்க பாக்குறாங்க சிஸ்டர், அதான் மேல மாட்டி மூடிவெச்சேன்." மாமியாரின் மானத்தைக் காப்பாற்ற நினைத்த பெண். பை இடுப்புக்குக் கீழேதான் தொங்க வேண்டும், மேலே மாட்டினால் மூத்திரம் திரும்பி உள்ளே போய்க் காய்ச்சல் வரும் என்று வார்டில் ஒருவர் சொல்லி அனுப்பியிருக்கலாம். சொல்லவில்லை. டியூப் போட்ட தேதியும் சீட்டில் இல்லை. ரப்பரா சிலிக்கானா என்பதைப் பொறுத்து மாற்ற வேண்டிய நாளே மாறும். அதை நான் வீட்டுக்குள் நின்று ஊகிக்க வேண்டும்.

டியூபை மாற்றினேன். பிசியோ தம்பி வந்து கட்டிலில் உட்காரப் பழக்கினார். தடுப்பூசிக்காக அந்தத் தெருவுக்கு வரும் கிராம சுகாதார செவிலியர் அப்படியே ஆத்தாவையும் பார்த்துவிட்டுப் போவார். மூத்திரம் கலங்கலாக இருந்தால் தன்னார்வலர் அக்கா வாட்ஸ்அப்பில் படம் அனுப்புவார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போட்டது மருமகள்தான். ஆத்தா இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை வருகிறார். மருமகளைத் திட்டவும் தெம்பு வந்துவிட்டது.

இதில் என் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டில் ஒரு சுகர் நோயாளி இருந்தார், அவ்வளவுதான். அவர் இல்லையென்றால் அடுத்த வீடியோ என்னைப் பற்றித்தான் வந்திருக்கும்.

"நோயாளி விவரத்தை ஆன்லைனில் எல்லாம் ஏற்றுகிறீர்களே, தெரியாதா?" என்று அந்த வீடியோவின் கீழே ஒருவர் கேட்டிருந்தார். ஏற்றுகிறோம் சார், ராத்திரி சோறு வடித்துக்கொண்டே ஏற்றுகிறோம். நாங்கள் போடுவது மேலே போகிறது. வார்டில் எழுதுவது கீழே வருவதில்லை.

"கேரளாவைப் பாருங்கள்." பார்த்திருக்கிறேன். கோழிக்கோட்டில் பாலியேட்டிவ் சேவையை 1993-இலேயே தொடங்கிவிட்டார்கள், 2008-இல் அரசே கொள்கை கொண்டுவந்தது. அங்கே ஊராட்சி அளவிலேயே நர்ஸ் இருக்கிறார், அவரோடு வீடு வீடாகப் போக அக்கம்பக்கத்து ஆட்கள் இருக்கிறார்கள். இங்கே அக்கம்பக்கம் கமெண்ட் போடுகிறது.

"சம்பளம் வாங்குகிறீர்கள் அல்லவா?" எங்களில் எத்தனை பேர் தொகுப்பூதியத்தில் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு கேளுங்கள். இதற்கு மேல் பதில் இல்லை.

"டாக்டர்களைக் குறை சொல்கிறாயா?" வார்டு வேலை எப்படி இருக்கும் என்று எனக்கும் தெரியும், நானும் அங்கே நைட் டூட்டி பார்த்தவள். ஒரு கட்டிலில் ஒருவர், தரையில் ஒருவர். சரி, முடியவில்லைதான். ஆனால் ஒரு போன்? படுக்கையிலேயே இருக்கப்போகும் ஒருவரை அனுப்பும்போது, அந்த ஊர் சுகாதார நிலையத்துக்கு ஒரே ஒரு போன்?

மகனின் வேதனை புரிகிறதா என்றால், புரிகிறது. அப்பாவை அப்படிப் பார்த்தால் யாருக்கும் வாயில் நல்ல வார்த்தை வராது. ஆனால் அந்தப் பெரியவரின் துணி விலகிய இடுப்பை ஊர் முழுக்கப் பார்த்தார்களே, அவரிடம் யாராவது கேட்டார்களா? நாங்கள் டிரெஸ்ஸிங் செய்யும்போது பேரப்பிள்ளையைக்கூட வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்துகிறவர்கள். நாற்றம் தாங்காத புண்ணில் மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவிவிட்டு, முகத்தைச் சுளிக்காமல் அவரோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டே கட்டுப் போடுவோம். கை கழுவிவிட்டு அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து டீயும் குடிப்போம். வேண்டாம் என்றால் வாடைக்காகத்தான் மறுக்கிறோம் என்று நினைத்துக்கொள்வார்கள். இதையெல்லாம் யாரும் வீடியோ எடுப்பதில்லை, எடுக்கவும் வேண்டாம். 2020 மார்ச்சில் எங்களுக்காகத் தட்டு தட்டிய கைகளில் எத்தனை கை இப்போது "சஸ்பெண்ட் பண்ணு" என்று டைப் அடித்தது என்று மட்டும் யோசிக்கிறேன்.

வீடியோவில் திட்டு வாங்கிய அந்த ஒன்றியத்து நர்ஸ் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. வீடியோ வந்த அன்று மாலையே போய்ப் புண்ணைச் சுத்தம் செய்து கட்டுப் போட்டுவிட்டு வந்தவள் அவள்தான். அடுத்த நாள் காலை மெமோ வந்தது, மூன்று நாளில் விளக்கம் தர வேண்டுமாம். எழுதிக்கொண்டிருக்கிறோம். டிஸ்சார்ஜ் எழுதிய வார்டில் யாருக்காவது மெமோ போயிருக்கிறதா? தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள்.