மாலை போட்டது யார்?

நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் வாக்குகளை எண்ணிய செவ்வாய்க்கிழமை (2022 பிப்ரவரி 22) மதியத்திலிருந்து அந்தப் படம் சுற்றிக்கொண்டிருக்கிறது. நம் ஊர்க்காரர்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். வாக்கு எண்ணும் மையத்து வாசல். கழுத்தே தெரியாத அளவுக்கு மாலைகளோடு ஓர் ஆண். அவருக்குப் பின்னால், சான்றிதழை மார்போடு அணைத்துப் பிடித்தபடி ஒரு பெண். படத்துக்கு மேலே நம் நண்பர் ஒருவர் எழுதியிருந்த வாசகம்: ‘வெற்றி பெற்ற கவுன்சிலரும் அவருடைய மனைவியும்.’ கீழே வரிசையாகச் சிரிப்புகள். ‘ரப்பர் ஸ்டாம்ப்’ என்கிறார் ஒருவர். ‘பெண்களுக்கு ஐம்பது சதவீத இடம் கொடுத்தால் இதுதான் நடக்கும்’ என்கிறார் இன்னொருவர். இரண்டு ஆசிரியர்கள், ஒரு வங்கி அதிகாரி, என் தூரத்து உறவில் ஒரு தம்பி எல்லோரும் அதற்கு விருப்பம் போட்டிருக்கிறார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேட்புமனுவில் இருந்த பெயர் அந்தப் பெண்ணுடையது. இயந்திரத்தில் இருந்ததும் அவர் பெயர்தான். மாலை மட்டும் வேறு கழுத்துக்குப் போயிருக்கிறது. சரி, அந்த மாலையை அவர் கணவர் தானே வாங்கித் தானே போட்டுக்கொண்டாரா? இல்லையே. அங்கே கூடியிருந்தவர்கள் போட்டார்கள். சான்றிதழ் கையில் இருக்கிற ஆளைத் தாண்டிப் போய், தேடிப் போய்ப் போட்டார்கள். அதைப் படம் எடுத்தவரும் அந்தக் கூட்டத்தில்தான் நின்றிருந்தார். கேலி மட்டும் அந்தப் பெண்ணுக்கு! மாலை போட்டது யார் என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

இதை அன்றைக்கே எழுதியிருப்பேன். மாசி முகூர்த்தம். கடையில் கல்யாண ஜாக்கெட்டுகள் மலைபோல் கிடக்கின்றன. லைனிங் துணி எடுக்கப் போன பெண் இரண்டு நாளாக வேலைக்கு வரவில்லை. வீட்டில் மாமியாருக்குக் கண்புரை அறுவை சிகிச்சை முடிந்து சொட்டு மருந்து நடக்கிறது. மகள் பத்தாம் வகுப்பு. நகராட்சி முடிவு, மாநகராட்சி முடிவு எல்லாவற்றையும் ஓவர்லாக் இயந்திரத்தின் சத்தத்துக்கு நடுவே அரைகுறையாகக் கேட்டேன். 21 மாநகராட்சிகளையும் ஆளும் தி.மு.க. கூட்டணி பிடித்துவிட்டது என்று தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். பிறகு நான்கு பேர் உட்கார்ந்து, இந்த முடிவு 2024 நாடாளுமன்றத் தேர்தலில் எப்படி எதிரொலிக்கும் என்று பேசினார்கள். 12,838 வார்டுகளுக்கு நடந்த தேர்தல் ஐயா இது! குப்பை வண்டி எந்தத் தெருவுக்கு எப்போது வரும் என்பதற்கான தேர்தல். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச அந்த நான்கு பேருக்கும் மனம் வரவில்லை.

வாக்களித்தவர்களாவது பேசலாம். சென்னையில் வாக்குப்பதிவு ஐம்பது சதவீதம்கூடத் தாண்டவில்லை. நம் ஊர் அவ்வளவு மோசமில்லை என்றாலும், வாக்குப்பதிவு நடந்த சனிக்கிழமை விடுமுறை என்று கொடைக்கானல் போய்விட்டு வந்து செவ்வாய்க்கிழமை ஜனநாயகத்தைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் இந்தப் பதிவையும் படிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அளவு ஜாக்கெட்டும் கொடுக்காமல், அளவெடுக்கவும் வராமல், தைத்தது சரியில்லை என்று சண்டைக்கு வருகிற வாடிக்கையாளர்களை எனக்கு நன்றாகத் தெரியும். அவர்களிடம் நான் அதிகம் பேசுவதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். இது எனக்கு ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்றால், நான் ஒரு ‘ரப்பர் ஸ்டாம்ப்’பின் மகள்.

1994-இல் உள்ளாட்சியில் பெண்களுக்கு இடம் ஒதுக்கும் சட்டம் வந்து, 1996-இல் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு என்று முதல் தேர்தல் நடந்தபோது எங்கள் பேரூராட்சியில் எங்கள் வார்டு பெண்கள் வார்டாகிவிட்டது. அப்பாவுக்குத்தான் நிற்க ஆசை. நிற்க முடியாததால் அம்மாவை நிறுத்தினார். சுவரொட்டியில் அப்பாவின் பெயர் பெரிதாகவும் அம்மாவின் பெயர் அதற்குக் கீழேயும் இருந்தது. அம்மா எட்டாம் வகுப்பு. இதுவரை கேட்கும்போது நீங்கள் கேலி செய்கிற கதை மாதிரியேதான் இருக்கும்.

ஒரு நாள் காலை அலுவலகத்திலிருந்து பியூன் வந்தார். மன்றக் கூட்டத்துக்கு வரும் பொருள்களின் தாளும் கையெழுத்து வாங்குகிற புத்தகமும் அவர் கையில். அப்பா திண்ணையிலிருந்தபடியே “கையெழுத்துப் போட்டுக் கொடு, அவருக்கு நேரமாகிறது” என்றார். அம்மா இட்லிப் பானையை இறக்கி வைத்துவிட்டு, கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு வந்து, “படித்துவிட்டுப் போடுகிறேன், உட்காரச் சொல்லுங்கள்” என்றார். பியூன் அப்பாவைப் பார்த்தார். அப்பா பியூனைப் பார்த்தார். அம்மா எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர் அல்ல. ஆனால் நிதானமாகப் படிப்பார், விரலை ஒவ்வொரு வரியாக நகர்த்திக்கொண்டு. நடுவில் ஓர் இடத்தில் விரல் நின்றது. எங்கள் அடுத்த தெருக் குழாயைப் பழுது பார்த்த செலவுக்கு ஒப்புதல் கேட்டிருந்தார்கள். “இந்தக் குழாயிலா? இன்று காலைகூட நான் குடத்தோடு போய் நின்றுவிட்டு வந்தேனே. சொட்டுத் தண்ணீர் வரவில்லை” என்றார்.

அடுத்த கூட்டத்தில் அந்தப் பொருள் பட்டியலில் இல்லை. குழாயும் சரியானது. அப்பா அந்தத் தெரு வழியாகத் தினமும் போய் வந்தவர்தான். குழாயடியில் வரிசையில் நின்றவர் அம்மா. அவ்வளவுதான் வித்தியாசம்.

அதற்குப் பிறகும் ஊர் யாரைக் கவுன்சிலர் என்று கூப்பிட்டது? அப்பாவை. மனு கொடுக்க வந்தவர்கள் திண்ணையில் அப்பாவிடம் பேசினார்கள். கல்யாணப் பத்திரிகையில் அப்பாவின் பெயருக்கு முன்னால் ‘கவுன்சிலர்’ என்று போட்டார்கள். அப்பா இறந்தபோது தெருவெல்லாம் ஒட்டிய கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில் ‘முன்னாள் கவுன்சிலர்’ என்று அச்சடித்திருந்தார்கள். அவர் வாழ்க்கையில் ஒரு தேர்தலிலும் நின்றதில்லை. நான் அச்சகத்துக்குப் போன் செய்யப் போனேன். “விடு, ஒட்டியாகிவிட்டது” என்றார் அம்மா.

இப்போது சொல்லுங்கள், அந்தச் சுவரொட்டியை அச்சடித்தது அம்மாவா?

சிலர் என்ன எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியும். ‘உங்கள் அம்மா விதிவிலக்கு. பெரும்பாலும் கணவர்தான் எல்லாம் செய்கிறார், அதை மறுக்க முடியுமா?’ மறுக்கவில்லை. செய்கிறார். கூட்டத்துக்கு வெளியே காரில் உட்கார்ந்திருக்கிறார். ஒப்பந்தக்காரரோடு டீக்கடையில் பேசுகிறார். படிக்காமல் கையெழுத்துப் போட்டு, நாளைக்கு வழக்கு வந்தால் மாட்டுவது அந்தப் பெண்தான் என்பதும் உண்மை. ஆனால் கணவரிடம் பேசுகிற ஒப்பந்தக்காரர் ஆண். ‘சார் எங்கே, சாரை வரச் சொல்லுங்கள்’ என்று கேட்கிற அதிகாரி பெரும்பாலும் ஆண். இத்தனை ஆண்கள் சேர்ந்து ஒரு பெண்ணைத் தாண்டிப் போகிறார்கள். கடைசியில் திறமையில்லாதவள் அவள்!

‘தகுதியான பெண்கள் வரட்டும், வேண்டாம் என்றா சொல்கிறோம்?’ இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ஆண் வேட்பாளர்களுக்கு எந்தத் தகுதித் தேர்வு வைத்தீர்கள்? என் வார்டில் இதற்கு முன் இருந்தவர் மன்றக் கூட்டத்தில் வாயே திறந்ததில்லை என்று ஊருக்கே தெரியும். அவரை யாரும் ரப்பர் ஸ்டாம்ப் என்று சொன்னதில்லை. அமைதியானவர் என்றார்கள். 2016 அக்டோபரில் நடந்திருக்க வேண்டிய தேர்தலை நீதிமன்றம் நிறுத்திய பிறகு, இத்தனை ஆண்டுகள் நம் நகராட்சியில் கவுன்சிலரே கிடையாது. அரசு நியமித்த தனி அலுவலர் ஆட்சி. அப்போது யாருக்கும் ஜனநாயகக் கவலை வரவில்லை. ஒரு பெண் சான்றிதழ் வாங்கியதும் வந்துவிட்டது.

‘நீ அந்தக் கட்சி, அதனால்தான் பேசுகிறாய்’ என்றும் ஒருவர் உள்பெட்டியில் எழுதிவிட்டார். நான் அந்தப் பெண்ணுக்கு ஓட்டுப் போடவில்லை. நான் ஓட்டுப் போட்டவர் டெபாசிட்டை இழந்தார். போதுமா?

ரப்பர் ஸ்டாம்ப், பொம்மை என்கிறீர்களே, தாழையூத்து கிருஷ்ணவேணியை எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? திருநெல்வேலி மாவட்டத்தில் ஊராட்சித் தலைவராக இருந்தவர். பட்டியலினப் பெண். பெண்களுக்குக் கழிப்பறை கட்டப் போராடியவர். 2011 ஜூனில் அவரை வெட்டிச் சாய்த்தார்கள். உயிர் பிழைத்தது பெரிய விஷயம். பொம்மையை யாரும் வெட்ட மாட்டார்கள். 2020 அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையிலிருந்து வெளியான படமாவது நினைவிருக்கும். மற்றவர்கள் நாற்காலியில், ஊராட்சித் தலைவரான பெண் தரையில். அந்தப் படத்துக்கு நீங்களும் கோபப்பட்டீர்கள், நானும் பட்டேன். அது வேறு ஊர், அங்கே இருப்பவர்கள் மோசமானவர்கள். நம் ஊர் வாசலில் நடந்தால் மட்டும் நகைச்சுவை.

கடைக்கு வருகிறேன். கடை உரிமம் என் பெயரில். வாடகை ஒப்பந்தம் என் பெயரில். இயந்திரக் கடனைக் கட்டி முடித்தது நான். போன மாதம் ஓர் அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து, நான் கத்திரிக்கோலோடு எதிரில் நிற்கும்போதே, உள்ளே எட்டிப் பார்த்து “ஓனர் இல்லையா?” என்றார். நான்தான் என்றேன். “இல்லை மேடம், சார் இருந்தால் சொல்லுங்கள், பிறகு வருகிறேன்” என்று போய்விட்டார். பிறகு வரவும் இல்லை. மகளின் பள்ளியில் ‘அப்பாவை வரச் சொல்’ என்கிறார்கள், அப்பாவுக்கு அவள் எந்தப் பிரிவு என்று தெரியாது. என் வீட்டுக்காரர் இதைப் படிப்பார். நல்ல மனிதர். அவருடைய அம்மாவுக்குச் சொட்டு மருந்து போடுவார், நான் கடையிலிருந்து போன் செய்து நினைவுபடுத்தினால்.

எங்கேயோ போய்விட்டேன் என்று சொல்வீர்கள். போகவில்லை. ஒரே விஷயம்தான்.

நேற்று, படத்தில் சான்றிதழோடு நின்ற அந்தப் பெண் கடைக்கு வந்தார். பதவியேற்புக்கு ஜாக்கெட் தைக்க வேண்டும், புதன்கிழமை 2-ஆம் தேதிக்குள். என்னிடம் இருக்கிற வேலையில் முடியாதென்று சொல்லியிருக்க வேண்டும், வாங்கி வைத்துக்கொண்டேன். கொக்கி முன்னால் வேண்டுமா பின்னால் வேண்டுமா என்று கேட்டதற்கு யோசிக்காமல் “முன்னால். யாரையும் கூப்பிடாமல் நானே போட்டுக்கொள்ள வேண்டும்” என்றார். உறுதிமொழியைப் பார்த்துப் படிக்கலாமா, மனப்பாடம் செய்ய வேண்டுமா என்று என்னிடம் கேட்டார். எங்கள் பேரூராட்சியில் அம்மா பார்த்துத்தான் படித்தார் என்றேன். பிறகு, தேர்தல் நோட்டீஸில் இருந்த எண்ணுக்குக் கூப்பிட்டால் எப்போதும் உங்கள் வீட்டுக்காரர்தான் எடுக்கிறார், உங்கள் எண் என்ன என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே சொன்னார். ஜாக்கெட் துணியோடு பின் குத்திய சீட்டில் எழுதி வைத்துக்கொண்டேன்.

எங்கள் கடை வாசலில் சாக்கடை மூடி உடைந்து நெடுநாளாகிறது. வியாழக்கிழமை காலை அந்த எண்ணுக்குத்தான் கூப்பிடப் போகிறேன். அங்கேயும் ஆண் குரல் கேட்டால், “கவுன்சிலரிடம் கொடுங்கள்” என்பேன். அவர் குளிக்கிறார், சமைக்கிறார், என்னிடம் சொல்லுங்கள் என்றால், காத்திருக்கிறேன் என்பேன்.