என் கிதாருக்கு ரிவெர்ப் வேண்டாம், போதுமா?

ஞாயித்துக்கிழமை கல்யாண ரிசப்ஷன்ல நாங்க வாசிச்ச வீடியோவை எல்லாரும் பார்த்தாச்சு. அதுக்குக் கீழே, என் கிதார்ல ரிவெர்ப் (சத்தத்தை எதிரொலி மாதிரி நீட்டற எஃபெக்ட்) இல்லைன்னு நடந்த கூத்தையும் பார்த்தாச்சு. பதில் எழுதக் கூடாதுன்னுதான் இருந்தேன். நேத்து ராத்திரி ஒரு தம்பி என்னை டேக் பண்ணி, "அண்ணனுக்கு ரிவெர்ப் பெடல் வாங்கணும், ஆளுக்குப் பத்து ரூபா போடுங்கப்பா"ன்னு எழுதியிருக்கார். என் கூட மேடையில உட்கார்ந்து வாசிச்சவங்களே அதுக்குச் சிரிப்பு பொம்மை போட்டிருக்காங்க. சரி, அப்போ பேசிடுவோம்.

என் டோன், அதாவது என் கிதார் சத்தத்தோட குணம், ட்ரையா, ரிவெர்ப் கலக்காம இருக்கறது விபத்து இல்லை. காசு இல்லாததால இல்லை. ரிவெர்ப் குமிழ் எங்கே இருக்குன்னு தெரியாததாலயும் இல்லை. என் ஆம்ப் (கிதார் சத்தத்தைப் பெருக்கற பெட்டி) முன்பக்கத்துலயே இருக்கு, அதைப் பூஜ்யத்துல வச்சிருக்கேன். டைட்டா, ட்ரையா, கை பட்ட நொடியில பதில் சொல்ற ஆம்ப் வேணும்னு தேடி அலைஞ்சு வாங்கினது இது. பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லுங்க. தெரியாதவன்னு சொல்லாதீங்க.

நான் வாசிக்கறது ரிதம் கிதார். கீபோர்டுல ஸ்ட்ரிங்ஸ் ஓடிட்டிருக்கும், ரிதம் பேட் அடிச்சிட்டிருக்கும், தபேலா, டோலக், பேஸ், ரெண்டு பாடகர்கள். இதுக்கு நடுவுல எனக்குக் கிடைக்கறது ஒரு சந்து. அந்தச் சந்துல 'சக்'னு விழணும், விழுந்த உடனே நிக்கணும். விழறது பாதி வேலை, நிக்கறதுதான் மீதி. 120 டெம்போவுல ஒரு பீட் அரை செகண்ட். நம்ம சவுண்ட்காரர் மிக்ஸர்ல என் கிதார் சேனல்ல போட்ட, பெரிய ஹால்ல கேக்கற மாதிரியான ஹால் ரிவெர்ப்போட வால் குறைஞ்சது ரெண்டு செகண்ட் இருக்கும். கணக்கு போட்டுப் பாருங்க. நான் வெட்டி நிறுத்தின ஒவ்வொரு கார்டும் (ஒண்ணா அடிக்கற ஸ்வரக்கூட்டம்) அடுத்த நாலு பீட்டுக்கு மேல மிதந்துட்டு இருக்கு. அப்புறம் நான் எதுக்கு வெட்டணும்? வீட்லயே உட்கார்ந்திருக்கலாமே.

"ஜனங்களுக்கு ரிவெர்ப் இருந்தாத்தான் பிடிக்கும்." எந்த ஜனம்? பந்திக்கு இடம் பிடிச்சிட்டிருக்கற ஜனமா? அவங்க யாரும் வந்து என்கிட்ட கிதார்ல ஈரம், அதான் ரிவெர்ப், பத்தலைன்னு சொல்லலை. சொன்னது சவுண்ட் கன்சோல்ல இருந்த ஒருத்தர், அப்புறம் மொபைல்ல பார்த்த நீங்க.

அது நடந்தது எங்கேன்னும் யோசிங்க. கிரானைட் தரை, ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி, அண்ணாந்து பார்க்கற உயரத்துல கூரை. கைதட்டினாலே திரும்பி வர்ற மண்டபம். ரிவெர்ப்பை அந்தக் கட்டடமே இலவசமாக் குடுக்குது. அதுக்கு மேல ஒண்ணைப் போடறது, உப்பு சரியில்லாத குழம்புல நெய்யை ஊத்தி மறைக்கற வேலை. இடைவேளையில போய் தன்மையாத்தான் சொன்னேன், "தம்பி, என் சேனல் மட்டும் ட்ரையா இருக்கட்டும்"னு. அவர் மொபைல்ல இருந்து தலையைத் தூக்காமலே, "ட்ரையா இருந்தா கேக்கவே நல்லா இருக்காது சார்"னு சொன்னார். அந்த 'சார்' இருக்கே, அதுதான் இன்னும் வலிக்குது.

அடுத்த குற்றச்சாட்டு: "ட்ரான்சிஸ்டர் ஆம்ப்ல வாசிக்கறவருக்கு டோனைப் பத்திப் பேச என்ன தகுதி?" இதை எழுதினவர் ஆம்ப் உள்ளே என்ன நடக்குதுன்னு என்னிக்காவது பார்த்திருக்காரான்னு தெரியலை. டைட் டோன் பவர் சப்ளையில ஆரம்பிக்குது. ஏசி கரண்ட்டை டிசியா மாத்த ஒரு ட்யூப் (வால்வு) வச்ச பழைய ட்யூப் ரெக்டிஃபையர் ஆம்ப்ல ஓங்கி ஒரு கார்டு அடிச்சா, கேக்கற கரண்ட்டை அதால உடனே குடுக்க முடியாது. வோல்டேஜ் இறங்கும், சத்தம் அமுங்கும், அப்புறம் மெதுவா எழும்பி வரும். சேக்னு சொல்றது இதைத்தான். லீட் வாசிக்கறவங்களுக்கு இது வரம். நீட்டற ஸ்வரத்துக்கு அது ஒரு மூச்சு குடுக்கும். ராக் பாடகர், கிதாரிஸ்ட் நீல் யங் 1950கள்ல வந்த ஒரு ஃபெண்டர் ட்வீட் டீலக்ஸ் ஆம்பை வச்சுக்கிட்டு இத்தனை காலம் வாசிக்கறார், அதை யார் குறை சொல்ல முடியும்? வோக்ஸ் ஏசி30 ஆம்பும் அந்த ஜாதிதான். அதுல நெகட்டிவ் ஃபீட்பேக் (வெளியே வர்றதுல கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பி ஆம்பை அடக்கற ஏற்பாடு) கிடையாது, அந்த மினுமினுப்புக்கு நானும் மயங்கியிருக்கேன். ஆனா அதை வச்சுக்கிட்டு பதினாறாம் நோட்டுல வெட்டி வாசிக்கச் சொன்னா, நான் அடிக்கறதுக்கும் அது பேசறதுக்கும் நடுவுல ஒரு தயக்கம் இருக்கும். எனக்கு அந்தத் தயக்கம் ஆகாது.

மார்ஷல் ஆம்ப் கம்பெனி கதையைப் பார்த்தாலே இது புரியும். 1962-ல வந்த ஜேடிஎம்45 கிட்டத்தட்ட ஃபெண்டர் பேஸ்மேன் சர்க்யூட்தான், ட்யூப் ரெக்டிஃபையரோட. பின்னாடி வந்த 100 வாட் சூப்பர் லீட்ல அந்த ரெக்டிஃபையர் ட்யூபுக்குப் பதிலா சிலிக்கான் டையோடு. அடிச்சா உடனே அடிக்கும். ஹைவாட் கம்பெனி ஆரம்பிச்ச டேவ் ரீவ்ஸ் டிஆர்103 ஆம்பைச் செஞ்சப்போ, பார்ட்ரிட்ஜ் டிரான்ஸ்ஃபார்மர் போட்டு, 100 வாட்லயும் கலங்காத ஆம்பாச் செஞ்சார். 'தி ஹூ' குழுவோட கிதாரிஸ்ட் பீட் டவுன்ஷெண்ட் ஹைவாட்டை எதுக்கு வச்சிருந்தார்? அவர் கை அடிக்கற அடி அப்படியே வெளியே வரணும்னுதான்.

அடிப்பக்கம், அதான் பேஸ் சத்தம், கொழகொழன்னு இருந்தா டைட் வரவே வராது. ஃபெண்டர் முதல் ட்யூப்ல, எவ்வளவு பேஸ் தூக்கணும்னு தீர்மானிக்கற கேத்தோடு கெபாசிட்டர் 25 மைக்ரோஃபாரட். மார்ஷல் 2203-ல 0.68. கெயின் (ஆம்ப் சத்தத்தைப் பெருக்கற அளவு) ஏறறதுக்கு முன்னாடியே அந்தச் சின்னக் கெபாசிட்டர் பேஸைக் குறைச்சு அனுப்புது. மெட்டல் வாசிக்கற பசங்களுக்கு இது நல்லாவே தெரியும். ட்யூப் ஸ்க்ரீமர் பெடலை ஆம்புக்கு முன்னாடி போட்டு, டிஸ்டார்ஷன் கூட்டற டிரைவைப் பூஜ்யத்துல வச்சு, லெவலை முழுசா ஏத்தறீங்களே, எதுக்கு? அது 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கறதைத் தூக்காம விடும், அடித்தந்தி டைட்டாகும். நீங்க பண்ணினா அது 'மாடர்ன் டோன்'. நான் அதே டைட்டை டிஸ்டார்ஷன் இல்லாமக் கேட்டா 'வறட்டு கிதார்'. நல்லா இருக்கு நியாயம்.

என் ஆம்ப் ரோலண்ட் ஜேசி-120. 1975-ல வந்த மாடல். ரெண்டு 60 வாட் ஆம்ப், ரெண்டு 12 இன்ச் ஸ்பீக்கர், முழுக்க ட்ரான்சிஸ்டர், உள்ளே ஒரு ட்யூப் கிடையாது. அதுல கோரஸ்தான் (ஒரு கிதார் பல கிதார் மாதிரி கேக்கற எஃபெக்ட்) பிரபலம், நான் அதையும் ஆஃப்ல வச்சிருக்கேன். இதுக்கும் ஒருத்தர் சிரிச்சிருக்கார். சிரிங்க. சேக் ஆக அதுல ட்யூப் ரெக்டிஃபையரே இல்லை. சில மண்டபத்துல ஜெனரேட்டர் ஓடும்போது கரண்ட் ஏறி இறங்கற இறக்கத்துல, நல்ல ட்யூப் ஆம்பே சோர்ந்து போறதைப் பார்த்திருக்கேன். இந்த 28 கிலோ பெட்டியை ஆட்டோவுல ஏத்தி இறக்கினா முதுகு போகுது, டோன் போனதில்லை.

முதல் தடவை அதுல வாசிச்சது கோடம்பாக்கத்துல ஒரு ரிகர்சல் ரூம்ல. சீனியர் கிதாரிஸ்ட் ஒருத்தர், இப்போ இல்லை, நான் சொருகினதும் எதுவுமே பேசாம எழுந்து வந்து கோரஸ் சுவிட்சை நடுவுக்குத் தள்ளி ஆஃப் பண்ணினார், ரிவெர்ப்பை இறக்கினார், போய் உட்கார்ந்தார். வாசிச்சேன். எந்தத் தந்தி முதல்ல பட்டது, எது பின்தங்கிச்சு, இடது கை எப்போ அழுத்தத்தை விட்டுது, எல்லாம் அந்த அறைக்கே கேட்டுது. காதைப் பொத்திக்கலாம் போல இருந்தது. அவர், "இதுலயே வாசி, கை தானா சரியாயிடும்"னார். சரியாச்சு. வேற எந்த ஆம்பும் எனக்கு அதைக் கத்துக்குடுக்கலை.

"அதெல்லாம் சரிண்ணே, இப்போ டிஜிட்டல் மாடலர் இருக்கே, எல்லா ஆம்பும் ஒரே பெட்டியில?" இருக்கட்டும். அது வேற சண்டை, இன்னொரு நாள் வச்சுக்கலாம்.

ஏசி/டிசி ராக் குழுவோட ரிதம் கிதாரிஸ்ட் மால்கம் யங்கைப் பத்தி மட்டும் சொல்லிடறேன். 1963 கிரெட்ஷ் கிதார், அதுல மத்த பிக்கப்பைக் (தந்தி அதிர்வைப் பிடிக்கற காந்தச் சுருள்) கழட்டிப் போட்டு பிரிட்ஜ் பக்கம் ஒண்ணே ஒண்ணு, தடிமனான தந்தி, மார்ஷல், கெயின் ரொம்பக் கம்மி. எஃபெக்ட் பின்னாடி ஒளிஞ்சதே இல்லை. ஏசி/டிசி-ன்னா தம்பி ஆங்கஸ் குதிக்கறதுதான் எல்லாருக்கும் ஞாபகம் வரும், ஆனா அந்த இசைக்குழு நிக்கறது அண்ணன் வலது கையில. 2017-ல அவர் போனப்போ இதே குரூப்ல 'ரிதம் கடவுள்'னு டிபி மாத்தினவங்க யாருன்னு எனக்கு ஞாபகம் இருக்கு. பேர் சொல்லலை. ஆஸ்திரேலியாவுல இருந்து வந்தா கடவுள், ஆவடியில இருந்து வந்தா ரிவெர்ப் பெடலுக்கு வசூல்.

பேச்சு எங்கேயோ போகுதுன்னு தெரியுது. போகட்டும். மாப்பிள்ளை, பொண்ணோட போட்டோ எடுக்கப் பாடகர்களைக் கூப்பிடுவாங்க, கீபோர்ட்காரரைக் கூப்பிடுவாங்க, அப்போ நான் பின்னாடி கேபிள் சுத்திட்டிருப்பேன். அதுக்கெல்லாம் வருத்தப்படற வயசு தாண்டிடுச்சு. மேடையில என்கிட்ட மிச்சம் இருக்கறது அந்த ஒரு டோன்தான். அதைக்கூட என்னைக் கேக்காம ஒருத்தர் மாத்துவார், ஏன்னு கேட்டா நான் பழைய ஆள்.

"சவுண்ட் இன்ஜினியருக்கும் முழுக் கச்சேரியும் எப்படிக் கேக்கணும்னு ஒரு பார்வை இருக்குமே"ன்னு ஒரு நண்பர் நியாயமா எழுதியிருந்தார். இருக்கலாம். ஆனா பாடகர் குரல்ல என்ன போடலாம்னு பாடகரைக் கேட்டார். கீபோர்டைக் கேட்டார். தபேலாவைக்கூடக் கேட்டார். என்னைக் கேக்கலை. அவ்வளவுதான் விஷயம்.

அடுத்த கச்சேரியில என் சேனலுக்கு மேல 'ரிவெர்ப் 0'ன்னு டேப்புல எழுதி நானே ஒட்டப் போறேன். அதுக்கும் போட்டோ எடுத்துப் போடுவீங்க, போடுங்க. கீழே வந்து "ஹால் ரிவெர்ப் இல்லைன்னா பிளேட் ரிவெர்ப் ட்ரை பண்ணுங்கண்ணே"ன்னு எழுதற முதல் ஆள் பிளாக்.