எங்க ஆயா ஒரு கலைஞர், அத போஸ்டர்ல போட்டிருக்கணும்

எங்க ஆயா போன மாசம் தவறிடுச்சு. ஊர்ல ஒட்டுன கண்ணீர் அஞ்சலி போஸ்டர்ல புள்ளைங்க பேரு, மருமகளுங்க பேரு, பேரப்பசங்க பேரு, யாரு எந்த டிபார்ட்மெண்ட்ல வேலை பாக்கறாங்கன்னு எல்லாம் இருந்துச்சு, ஆயா பாடும்னு ஒரு வரி இல்ல. வேணும்னு யாரும் வுடல, யாருக்கும் அது தோணவே இல்ல, எனக்கு அதுதான் தாங்கல. வேலூர் பக்கம் பள்ளிகொண்டா சுத்துப்பட்டுல எந்த ஊர்ல எழவு வுழுந்தாலும் "அந்த பீடி சுத்தற அம்மாவுக்கு சொல்லி வுட்டாச்சா"ன்னு கேப்பாங்க. அப்பேர்ப்பட்ட ஒப்பாரிக்காரி அது.

காலையில வாசல் தெளிச்சு கோலம் போட்டுட்டு மடியில முறத்த வெச்சுகினு ஒக்காந்துச்சுன்னா சாயங்காலத்துக்குள்ள ஆயிரம் பீடி. இலைய வெட்டும், தூள வெச்சு சுத்தும், நூல கட்டும், கண்ணு முறத்துலயே இருக்காது, வாய் பாட்டுக்கு பாடிகினே இருக்கும். நடவுப் பாட்டு, தாலாட்டு, கும்மி எல்லாம் வரும். ஒப்பாரி மட்டும் வூட்டுக்குள்ள வாயே தொறக்காது. கெஞ்சிக் கேட்டாலும் "வெளக்கு எரியற வூட்ல அத பாடக்கூடாதுடா, இன்னாத்துக்கு கேக்கற"ன்னு அதட்டும். அதனாலதான் இன்னைக்கு எங்ககிட்ட ஒழுங்கா ஒரு ரெக்கார்டிங் கூட கெடையாது.

ஆயா எப்பிடி பாட்டு கட்டும்னு சொல்றேன். எழவுக்கு போற பஸ்லயே பக்கத்துல இருக்கறவங்கள கேட்டுகினே வரும், எப்பிடி செத்தாங்க, படுக்கையில இருந்தாங்களா, கட்டிக் குடுத்த பொண்ணு இருக்காளா, பொறந்த வூட்டு கோடித்துணி யாரு எடுத்தாறாங்கன்னு. எறங்கறதுக்குள்ள மனசுல பாதி பாட்டு ரெடி. ஒரு கோடையில ஒரு பெரியம்மா செத்துட்டாங்க, அவங்க பொண்ண தோளோட கட்டிகினு ஆயா பாடுச்சு:

பாலாறு வத்துனா
மணலத் தோண்டித் தண்ணி மொள்வேன்
என்னப் பெத்த தாயே, நீ வத்துனா
எந்த மண்ண நான் தோண்டுவேன்

அந்த ஊர்ல கோடை வந்தா ஆத்துல ஊத்து தோண்டி, ஊற ஊற கொட்டாங்குச்சியில மொண்டுதான் கொடத்த ரொப்புவாங்க. செத்துப்போன அம்மா கூட அந்த மணல்ல குந்தி தண்ணி மொண்ட பொம்பளைங்கதான் சுத்தி ஒக்காந்து மாரடிச்சுகினு இருந்தாங்க. "தாயே"ங்கற எடத்துல ஆயா இழுத்து, மூச்சு முடியற நேரத்துல சட்டுன்னு நிறுத்தும். ரெண்டாவது "வத்துனா" வந்தப்போ பந்தல்ல பேப்பர் படிச்சுகினு இருந்த ஆம்பளைங்க கூட எழுந்து அந்தாண்ட போயிட்டாங்க. வேற எந்த சாவுக்கும் அந்த நாலு வரிய ஆயா பாடி நான் கேட்டதில்ல. அவங்கவங்களுக்குன்னு தனித்தனியாதான் கட்டும்.

எங்க பக்கம் கூத்துன்னா எவ்ளோ உசுருன்னு வட ஆற்காடுக்காரங்களுக்கு சொல்ல வேணாம். திரௌபதி அம்மன் கோயில்ல பாரதம் வெச்சா பகல்ல பிரசங்கம், ராத்திரி கூத்து, கடைசியா படுகளத்துல துரியோதனன மண்ணுல மலையாட்டம் செஞ்சு படுக்க வெப்பாங்க. ஆயா ஒரு ராத்திரி வுடாது, விடிய விடிய ஒக்காந்து கேக்கும். பொம்பள வேஷம் ஆம்பளைங்கதான் கட்டுவாங்க. காரியத்து ராத்திரி கர்ண மோட்சம் ஆடுவாங்க இல்ல, அதுல குந்தி வேஷம் கட்டற ஒரு கூத்து வாத்தியார் ஆயாவ தேடிகினு வந்தாரு, கர்ணன மடியில போட்டுகினு அழுவுற எடம் சரியா வரலைன்னு. வூட்ல பாடமாட்டேன்னு சொல்லி ஏரிக்கரை புளியமரத்தாண்ட இட்டுகினு போச்சு. பாடிக் காட்டிட்டு சொன்னது எனக்கு இன்னும் காதுல கேக்குது: "வாத்தியாரே, மூச்ச மொதல்லயே செலவு பண்ணாத, பேர சொல்லி கூப்புடற எடத்துக்கு மிச்சம் வெய்யி." பள்ளிக்கூட வாசல கூட மிதிக்காத பொம்பள, ராத்திரி முழுக்க ஆடற மனுசனுக்கு பாடம் எடுக்குது.

இப்ப என் ஆதங்கத்துக்கு வரேன். புரிசை ஊரு தம்பிரான்மாருங்க ஆடுன கூத்த பாத்து மலைச்சுப்போய்தான் எழுத்தாளர் ந.முத்துசாமி கூத்து வழிக்கே வந்தாரு, 1977ல கூத்துப்பட்டறைன்னு நாடகக் குழு ஆரம்பிச்சாரு. அந்த மரியாதை கூத்துக்கு வந்தது எனக்கு பெருமைதான், இன்னும் வரணும். தெக்கத்தி பக்கம் நாட்டுப்புறப் பாட்டு பாடுன கொல்லங்குடி கருப்பாயி அம்மாவையும் பரவை முனியம்மாவையும் சினிமா எல்லாருக்கும் காட்டுச்சு. எங்க பக்கத்து ஒப்பாரிக்காரிங்களுக்கு மேடையும் இல்ல, கேமராவும் இல்ல. எழவு வூட்ல பாடறதுன்னாலே மட்டம், தீட்டுன்னு தள்ளிட்டாங்க, பெத்த புள்ளைங்களே வெளிய சொல்ல கூச்சப்படறாங்க. இப்ப எழவுக்கு எக்கோ மைக்கோட பாட்டு செட்டு புடிக்கறாங்க, அவங்க பொழப்ப நான் கொறை சொல்லல, அவங்களும் பாவம் ராவெல்லாம் தொண்டை கிழிய கத்தறாங்க, ஆனா பேர மட்டும் மாத்தி அதே பாட்டு எல்லா வூட்லயும் ஓடுது. செத்த மனுசி யாரு, எப்பிடி வாழ்ந்தான்னு கேட்டு தெரிஞ்சிகினு அவளுக்குன்னே நாலு வரி கட்டறது எவ்ளோ பெரிய வேலை. இத கலைன்னு சொல்லாம வேற எத சொல்றது?

ஆயா காரியத்துக்கும் கர்ண மோட்சம்தான் வெச்சோம். அந்த வாத்தியார் வேஷம் கட்டறதுக்கு முன்னாடியே வந்து மைக்க புடிச்சு, "எனக்கு அழுவ கத்துக்குடுத்த வாத்தியார் இந்த அம்மா"ன்னு ஊர் கேக்க சொன்னாரு. எங்க குடும்பத்துல யாரும் சொல்லாதத அவர் சொன்னாரு. அத கேட்டுட்டுதான் எங்க பெரிம்மாவும் அத்தையும் மறுநாள்ல இருந்து ஞாபகம் வர்ற வரிங்கள எல்லாம் சொல்ல ஆரம்பிச்சாங்க, நான் நோட்ல எழுதிகினு வரேன். புருசன பறிகுடுத்தவளுக்கு பாடறது கொஞ்சம் வந்துடுச்சு, அண்ணன் தம்பிக்கு பாடறதுல நடுவுல நடுவுல வுட்டுப்போவுது, கைக்கொழந்தைக்கு பாடுனது சுத்தமா கெடைக்கல.

பள்ளிகொண்டா, அணைக்கட்டு, குடியாத்தம் பக்கம் உங்க வூட்டு எழவுல எங்க ஆயா வந்து பாடியிருந்தா, யாராவது போன்ல எடுத்திருந்தா, பின்னாடி மேளம் அடிச்சாலும் பரவால்ல, தெளிவா இல்லன்னாலும் பரவால்ல, எனக்கு இன்பாக்ஸ்ல அனுப்புங்க. ஆடியோ இல்லன்னா உங்க வூட்டு பெரிய பொம்பளைங்கள ஒரு தடவ கேட்டுப் பாருங்க, ரெண்டு வரி சொன்னாலும் போதும்.