காதும் மண்வெட்டியும் பாதுகாப்பு இல்லையா?

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நடந்ததை இங்குள்ள பலரும் அறிவீர்கள் என்பதால் முழுவதையும் திரும்பச் சொல்லவில்லை. 1940இல் பிரித்தானியா ஜேர்மன் வான்படையை எதிர்த்து நின்ற வரலாற்றைப் பேச வந்தவர், வான் பாதுகாப்பு என்றால் விமானமும் விமானியும்தான், குழிக்குள் ஓடி ஒளிவது பாதுகாப்பில் சேராது என்றார். மண்டபம் சிரித்தது. நான் எழுந்து மறுத்தபோது இன்னும் பலமாகச் சிரித்தது. நான்கு நாட்களாகியும் அந்தச் சிரிப்பு எனக்குச் செமிக்கவில்லை.

விமானிகளின் துணிவை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அவர்களை வானத்தில் சரியான இடத்துக்கு அனுப்பியவர்கள் யார்? கரையோர ரேடார் கோபுரங்கள் கடலைப் பார்த்தே நின்றன. எதிரி விமானம் கரையைத் தாண்டிவிட்டால் அதைப் பின்தொடர்ந்தவை மனிதரின் கண்ணும் காதும்தான். அவதானிப்புப் படையில் ஏறத்தாழ 30,000 பேர் இருந்தார்கள், பெரும்பாலோர் தொண்டர்கள். எத்தனை விமானம், எந்தத் திசை, எவ்வளவு உயரம் என்று அவர்கள் தொலைபேசியில் சொல்லச் சொல்ல, பெண்கள் மேசை வரைபடத்தில் அடையாளக் கட்டைகளை நகர்த்தினார்கள். பிரித்தானியப் போர் விமானப் பிரிவின் தளபதி டௌடிங் கட்டியெழுப்பிய அந்த ஒழுங்கு இருந்தபடியால்தான் விமானங்கள் எரிபொருளை வீணாக்கிச் சுற்றிக்கொண்டிராமல் வேண்டிய நேரத்தில் எழும்பின.

எச்சரிக்கை எட்டாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இந்த இலங்கைத் தீவே சாட்சி. ஜப்பானியக் கப்பற்படை வருவதை 1942 ஏப்ரல் 4ஆம் திகதியே பேர்ச்சோல் என்ற கனேடிய விமானி கண்டு செய்தி அனுப்பியிருந்தும், மறுநாள் காலை குண்டுவீச்சு விமானங்கள் தலைக்கு மேல் வந்தபோதுதான் கொழும்பை அடுத்த இரத்மலானையில் ஹரிக்கேன் போர் விமானங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. 9ஆம் திகதி திருகோணமலையில் ரேடார் முன்கூட்டியே காட்டிக்கொடுத்தது. அங்கே ஹரிக்கேன்கள் வானத்தில் காத்திருந்தன. இரண்டு இடத்திலும் ஒரே வகை விமானம், ஒரே துணிவு. வேறுபட்டது எச்சரிக்கைதான்.

குழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். வளைந்த நெளிதகடுகளைப் பாதி மண்ணில் புதைத்து, மேலே மண் கொட்டி மூடிய அண்டர்சன் காப்பறைகளைப் பிரித்தானிய அரசு இலட்சக்கணக்கில் வீடுகளுக்குக் கொடுத்தது. எங்களுக்கு ஒருவரும் தகடு தரவில்லை. 1990இல், இலங்கை வான்படை யாழ்ப்பாணத்தில் குண்டு போட்ட நாட்களில், என் தாயாரின் தகப்பனார், நாங்கள் அப்பு என்று அழைத்தவர், பின்வளவு மாமரத்தின் கீழ் பங்கர் என்று நாங்கள் சொல்லும் பதுங்குகுழியை வெட்டினார். இடுப்பளவு ஆழத்தில் சுண்ணக்கல் தட்டியது. அலவாங்கால் இரண்டு நாள் இடித்தும் அசையாததால், மீதியை நிலத்துக்கு மேலே உரப்பைகளில் மண் நிரப்பி எழுப்பினார். வாசலை எல் வடிவில் வளைத்தார், சிதறும் துண்டுகள் நேரே உள்ளே வரக்கூடாது என்பதற்காக. கூரைக்கு இரண்டு பனைகள் விழுந்தன. அவை தன் தகப்பன் வைத்தவை என்று அவர் ஒரு தடவை மட்டும் சொன்னார்.

ரேடார் எங்களுக்கு அம்மம்மாதான். மின்சாரமும் இல்லை, எரிபொருள் தட்டுப்பாட்டால் வாகனங்களும் குறைவு. ஆகவே ஊர் அமைதியாகக் கிடந்தது, தூரத்து இரைச்சல் நன்றாகக் கேட்டது. அடுப்பு ஊதும் குழலைக் கீழே வைத்துவிட்டுத் தலையைச் சரித்துக் கேட்பார். ஹெலியா, பொம்மரா, சகடை என்று நாங்கள் அழைத்த, குண்டு போடும் சரக்கு விமானமா என்று அவர் சொன்னது பிழைத்ததாக எனக்கு நினைவில்லை. அவர் கூப்பிட்டால் அயல் வீட்டுப் பிள்ளைகளும் ஓடி வருவார்கள்.

யாழ்ப்பாணத்தையும் லண்டனையும் ஒப்பிடலாமா, அவர்களிடம் அரசும் படையும் இருந்தனவே என்று கேட்பீர்கள். இருந்தன. அரசு இருந்த மக்களுக்கே காதும் குழியும் தேவைப்பட்டன என்றால், தங்களுக்கென்று ஒரு விமானமும் இல்லாத பொதுமக்களுக்கு வேறு எது பாதுகாப்பு? குழி எத்தனை பேரைக் காப்பாற்றியது, நவாலியை மறந்தாயா என்றும் ஒருவர் கேட்டிருக்கிறார். மறக்கவில்லை. 1995 ஜூலை 9ஆம் திகதி நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் ஒதுங்கியிருந்து வான்படையின் குண்டுவீச்சில் இறந்தவர்கள் இடம்பெயர்ந்து வந்தவர்கள், தங்கள் வளவுகளையும் அங்கே வெட்டிய குழிகளையும் விட்டு ஓடி வந்தவர்கள். அவர்களின் சாவை என் வாயை அடைக்கும் வாதமாக எடுத்துக்கொண்டு வருவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

விமானத்தைச் சுட்டு விழுத்துவது காது அல்லவே என்பதும் ஒரு கேள்வி. சரி, அல்ல. ஆனால் என் தம்பி உயிரோடு இருக்கிறான்.

இதையும் சொல்லிவிடுகிறேன். அன்று மண்டபத்தில் சிரித்தவர்களில் இருவர் அந்தப் பங்கருக்குள் என் பக்கத்தில் குந்தியிருந்தவர்கள். ஒருவருக்கு அப்பு தன் சால்வையால் காதைப் பொத்திப் பிடித்திருந்தார். பேச்சாளர் மீது எனக்கு அவ்வளவு கோபமில்லை, அவர் இந்த ஊரில் அப்போது இருக்கவில்லை. இவர்கள் இருந்தார்கள்.

அன்றைய உரைகள் மலராக அச்சேறப் போவதாக அறிகிறேன். குழிக்குள் ஒளிவது பாதுகாப்பில் சேராது என்ற அந்த ஒரு வரியை நீக்கிவிட்டு அச்சிடுங்கள் என்று ஏற்பாட்டாளர்களிடம் எழுத்தில் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.